சக்கர நாற்காலியில் மாத்தேரான்

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பிறந்த ஊரை விட்டு மராட்டிய மண்ணிலே குடியேறி வாழும் நாம் அவ்வாக்கை மறந்துவிடவில்லை. பொங்கல் விழாவாயினும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பாயினும், ஊருக்கு உடலை அனுப்ப வேண்டிய துக்க காரியமாயினும், எல்லோரும் கூடியே செய்து முடிக்கிறோம். ஆயினும் ஆண்டுதோறும் நம் சங்கத்தார் மேற்கொள்ளும் உல்லாசப் பிரயாணத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், சில பெயர்கள் அதில் ஒருபோதும் இடம்பெறாமை கண்கூடு. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த பெரியவர், விபத்தில் முதுகெலும்பு முறிந்த இளைஞர், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சகோதரி ஆகியோர் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். அவர்களை எவரும் வேண்டுமென்று விலக்குவதில்லை. ‘அவர்களால் எப்படி முடியும்?’ என்று நாமே வினவி, ‘முடியாது’ என்று நாமே விடையும் கூறிக்கொள்கிறோம். அவர்களைக் கேட்பதில்லை; அவ்வளவே.

அவ்வாறு கேட்டதன் பயனாக நிகழ்ந்த ஒரு மலைப் பிரயாணத்தைப் பற்றியே இங்கே எழுதப் புகுகிறோம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் மலைக்கும் காட்டுப் பாதைக்கும் போகலாம். அதற்கு உடன் வருவோர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

நூலக அக்காவின் நிபந்தனைகள்

நம் சங்க நூலகத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பேணி வருபவரை ‘நூலக அக்கா’ என்றே அனைவரும் அழைக்கிறோம். அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். இரண்டாம் வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, இரு கால்களும் வலுவிழந்தன. (இந்தியாவில் அந்நோயின் கடைசி நேர்வு 2011 ஜனவரியில் ஹௌராவில் காணப்பட்டது, 2014 மார்ச் 27 அன்று அந்நோய் நம் நாட்டிலிருந்து நீங்கியதாகச் சான்றளிக்கப்பட்டது. அக்காவின் குழந்தைப் பருவமோ அதற்கு வெகு காலத்துக்கு முற்பட்டது.) உல்லாசப் பிரயாணப் பட்டியலை ஆண்டுதோறும் அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுப்பவரும் அவரே. தம் பெயரை அதில் அவர் ஒருமுறையும் எழுதியதில்லை.

2018-ஆம் ஆண்டு இறுதியில், அடுத்த பயணம் மாத்தேரானுக்கு என்று முடிவாயிற்று. பட்டியல் வாங்கச் சென்ற நாம், “அக்கா, நீங்களும் வருகிறீர்களா?” என்று கேட்டோம். அவர் உடனே விடை கூறவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தாளை நீட்டினார். மூன்று நிபந்தனைகள் அதில் எழுதப்பட்டிருந்தன.

“முதலாவது, என்னைக் கேளாமல் என் நாற்காலியை எவரும் தொடலாகாது, தள்ளவும் நிறுத்தவும் நான் சொல்ல வேண்டும். இரண்டாவது, என்னைத் தூக்க நேரும் இடங்களில் பெண்களே தூக்க வேண்டும். மூன்றாவது, எவ்விடம் போவது, எவ்விடத்தில் நிற்பது, எப்போது திரும்புவது என்பதை நான் முடிவு செய்வேன்.”

வாசித்து முடித்ததும், “தம்பி, என்னைத் தூக்கிச் செல்வதாக ஒருவரும் சொல்ல வேண்டாம். என்னோடு வருவதாக இருந்தால் சொல்லுங்கள்” என்றார்.

சபரிமலையிலே நால்வர் சுமக்கும் டோலியில் ஏறி முதியோர் சந்நிதானம் செல்வதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அது பக்திக்கும் முதுமைக்கும் உற்ற உபாயமே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் டோலியில் அமர்ந்தவருக்குப் பாதையைப் பற்றி முடிவு செய்ய ஒன்றுமில்லை. எடுத்த இடத்திலிருந்து சேரும் இடம் வரையில் அவர் சுமையே. அக்கா வேண்டியது அதுவன்று. பிரயாணி என்ற பெயருக்கு உரியவராகவே அவர் வர விரும்பினார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

சங்கத்தார் பெருங்கூட்டமாகச் செல்லும் நாளில் இது இயலாதென்று கருதி, 2019 ஜனவரியில் நாங்கள் ஆறு பேர் தனியே புறப்படத் தீர்மானித்தோம். அக்கா, அவருடைய தம்பி மனைவி, எம் இல்லத்தரசி, ரயில்வே பணிமனையில் பிட்டராக இருக்கும் ஓர் இளைஞர், கல்லூரி மாணவர் ஒருவர், குமாஸ்தாவாகிய நாம்.

புறப்படுவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சங்கக் கூடத்தில் பயிற்சி நடந்தது. ரயில்வே ஊழியர்க்கு அளிக்கப்படும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பில் ‘நான்கு கை ஆசனம்’ என்றொரு முறையைக் கற்பிப்பார்கள். இருவர் எதிரெதிரே நின்று, தம் இடக்கை மணிக்கட்டைத் தம் வலக்கையால் பற்றி, இடக்கையால் மற்றவருடைய வலக்கை மணிக்கட்டைப் பற்றினால், நான்கு கைகளும் சேர்ந்து சதுரமான இருக்கையாகும். அதில் அமர்பவர் இருவர் தோள்களையும் அணைத்துக்கொள்வார். இம்முறையை இரு பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தோம். முழங்காலை மடக்கி எழ வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கலாகாது. முதல் ஞாயிறு அக்காவின் முகத்தில் அச்சம் இருந்தது. மூன்றாம் ஞாயிறு, “இருவரும் ஒரே சமயத்தில் எழவில்லை, மறுபடி” என்று அவரே ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

பிட்டர் தம்பி நாற்காலியைப் பரிசோதித்தார். சக்கரக் கம்பிகளை இறுக்கி, அச்சுக்கு மசகிட்டு, டயர்களில் காற்றடைத்து, பஞ்சர் ஒட்டும் சாமான்களையும் ஒரு கைப்பம்பையும் பையில் வைத்தார். கைப்பிடியும் பாதப் பலகையும் கழன்று வரும் உறுப்புகளாதலின், அவற்றைப் பிடித்து ஒருபோதும் தூக்கலாகாது. சட்டத்தையே பிடிக்க வேண்டும் என்பதற்காக, பிடிக்க வேண்டிய நான்கு இடங்களிலும் சிவப்புத் துணி சுற்றிவைத்தார்.

தங்கும் விடுதியைத் தேர்ந்த விதமும் குறிப்பிடத்தக்கது. ‘வசதி உண்டா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘உண்டு’ என்றே சொல்வார்கள். எம் இல்லத்தரசி தொலைபேசியில், “குளியலறை வாசல் எத்தனை அங்குலம்? படி எத்தனை?” என்று மட்டுமே கேட்டார். நாற்காலியின் அகலம் 26 அங்குலம். மூன்று விடுதிகளில் வாசல் 24 அங்குலம். நான்காவதில் 30 அங்குலம், அதையே அமர்த்தினோம். இதனைச் சிறு செய்தி என்று எண்ண வேண்டாம். கழிப்பறை கிடையாதென்ற அச்சத்தால் வெளியே புறப்படும் நாட்களில் தண்ணீரே அருந்தாமல் இருப்பது அக்காவின் நெடுநாள் வழக்கம்; இவ்வாறிருக்கும் பெண்கள் பலர். சிறுநீர்த் தொற்றுக்கு அது வழிவகுக்கும். வாசலின் அங்குலம் தெரிந்தபின் அக்கா ஒரு பெரிய தண்ணீர்க் குப்பியுடன் புறப்பட்டார்.

இரண்டடி இருப்புப் பாதை

கல்யாணிலிருந்து கர்ஜத் செல்லும் புறநகர் வண்டியில், மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் அக்காவும் அவர் தம்பி மனைவியும் ஏறினர். மற்றோர் அடுத்த பெட்டியில் ஏறினோம். பத்லாபூர், வாங்கணி கடந்து நேரலில் இறங்கியதும், எதிரே குறும்பாதையில் சிறு ரயில் நின்றுகொண்டிருந்தது.

இவ்விருப்புப் பாதையின் வரலாறு ரயில்வேக்காரர்களுக்கு இனிப்பானது. 1850-இல் தானா ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஹ்யூ மாலெட் என்பார் மாத்தேரானை வெள்ளையருக்கு அறிமுகம் செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், சர் ஆதம்ஜி பீர்பாய் என்னும் வணிகரின் புதல்வர் அப்துல் உசேன் 1904-இல் பாதை வேலையைத் தொடங்கி 1907-இல் முடித்தார். செலவு 16 லட்ச ரூபாய். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்பவை இடைப்பட்ட நிலையங்கள்.

தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 610 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி. அக்காவின் நாற்காலியோ 26 அங்குலம். “தம்பி, ரயிலைவிட என் வண்டி அகலம்” என்று சொல்லி அவர் சிரித்தார். நாற்காலியை மடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டியின் வாசல் குறுகலாதலின் நான்கு கை ஆசனத்துடன் நேரே நுழைய இயலாது. இரு பெண்களும் அக்காவை வாசலின் தரையில் அமர்த்தினர். அங்கிருந்து அவர் தம் கைகளை ஊன்றித் தாமே இருக்கைக்கு ஏறிக்கொண்டார். பின்னால் நின்ற பிரயாணி ஒருவர் பொறுமையிழந்து அவரை அக்குளில் பற்றித் தூக்க முற்பட்டார். “வேண்டாம், எனக்கு வழி தெரியும்” என்று அக்கா மராட்டியில் சொன்னதும் அவர் கையை எடுத்துக்கொண்டார். அவருடைய எண்ணம் நல்லெண்ணமே. ஆனால் கேளாமல் செய்யும் உதவியால் தோள் மூட்டு நழுவுவதும் உண்டு; மானம் நோவதும் உண்டு.

வண்டி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. இப்பாதையின் மிகுந்த ஏற்றம் 20-க்கு 1. அதாவது இருபதடி சென்றால் ஓரடி உயர்வு. கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கென அமைக்கும் சாய்தளம் 12-க்கு 1 என்ற ஏற்றத்தை மிஞ்சலாகாது என்பது விதி. ஆகவே, மருத்துவமனை வாசலில் உள்ள சாய்தளத்தைவிட இம்மலை ரயிலின் ஏற்றம் மென்மையானது. சுற்றிச் சென்றால் மலையும் சமவெளியாகும் என்பதை அப்பாதை அமைத்தவர்கள் அறிந்திருந்தனர்.

இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நலம். அக்காவின் எடை 52 கிலோ, நாற்காலி 18 கிலோ, மொத்தம் 70. 20-க்கு 1 ஏற்றத்தில் நாற்காலி பின்னோக்கி உருளாமல் பிடிக்க மூன்றரை கிலோ விசை போதும். 12-க்கு 1 என்றால் ஏறக்குறைய 6 கிலோ. 5-க்கு 1 என்றால் 14 கிலோ. படிக்கட்டு என்றாலோ முழு எழுபதையும் தாங்க வேண்டும். பாதை கரடானால் இதனினும் கூடும். எனவே குறுக்கு வழியும் படியும் நாற்காலிக்குப் பகை. நீண்ட சுற்றுவழியே நட்பு.

செம்மண் பாதையில்

மாத்தேரானில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. 2003-இல் அரசாங்கம் அதனைச் சுற்றுச்சூழல் கூர்உணர்வுப் பகுதியென அறிவித்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில், மரங்கள் அடர்ந்த அம்மலையில் நடை, குதிரை, மனிதர் இழுக்கும் கைரிக்ஷா ஆகியவையே நாங்கள் சென்ற காலத்தில் போக்குவரத்துச் சாதனங்கள். முன்னே ஒருவர் இழுக்க, பின்னே ஓரிருவர் தள்ளுவார்கள்.

நிலையத்துக்கு வெளியே ரிக்ஷாக்காரர் ஒருவர் எங்களை அணுகி, நாங்கள் ஐவர் நின்றிருக்க, எங்களைப் பார்க்காமல் அக்காவையே பார்த்து, “தாயீ, எங்கே போக வேண்டும்?” என்றார். மராட்டியில் ‘தாயீ’ என்றால் அக்கா. வழியெல்லாம் எத்தனையோ பேர், ‘இவர் எங்கே போகிறார்? இவருக்கு என்ன வேண்டும்?’ என்று எங்களிடமே கேட்டிருந்தனர். அவரிடமே கேட்ட முதல் மனிதர் இவர்.

அக்கா ரிக்ஷாவில் ஏறவில்லை. “தாதா, எனக்குச் சக்கரம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதை எனக்குத் தெரியாது. அரை நாள் கூலி வாங்கிக்கொண்டு வழி சொல்ல வருவீர்களா?” என்று கேட்டார். அவர் சற்றுத் திகைத்தார். பிறகு தம் வண்டியைக் கூட்டாளிகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அன்று நாங்கள் கற்றவற்றுள் பாதி அவர் கற்பித்தவையே.

செம்மண் புழுதி கணுக்கால் அளவு கிடந்த இடங்களில் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதைந்தன. அவ்விடங்களில் நாற்காலியைப் பின்னே சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் மட்டும் உருட்ட வேண்டும். சட்டத்தின் முன்புறம் இரு கயிறு கட்டி இருவர் இழுத்தால் தள்ளுபவரின் பாரம் குறையும். குதிரை வரும்போது மலைச் சரிவின் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் ஒதுங்கலாகாது. தின்பண்டப் பையை நாற்காலியின் பின்னே தொங்கவிட்டால் குரங்கு அதன்மேல் பாயும். நாற்காலி கவிழவும் கூடும். ஆதலின் பையை மாணவர் தம்பி முதுகில் சுமந்தார்.

இறக்கம் வந்தது. ரிக்ஷாக்காரர் கையுயர்த்தி நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பி, அக்காவின் முகம் மேட்டை நோக்கி இருக்க, பின்னோக்கி இறக்கும்படி கூறினார். முன்னோக்கி இறக்கினால் அமர்ந்திருப்பவர் வழுக்கி விழுவார். பின்னோக்கி இறக்கினால் அவருடைய எடை இருக்கையின் முதுகில் சாயும். நெல்லையப்பர் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர். ஆயினும் தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவர். ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று வழக்கில் இகழ்ச்சியாகச் சொல்கிறோம். தேருக்கும் நாற்காலிக்கும் அதுவே உயிர்க்காப்பு. பிட்டர் தம்பி கையில் ஒரு மரக்கட்டையுடன் பின்னே நடந்து, நின்ற இடந்தோறும் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

சார்லட் ஏரியை அடைந்தபோது உச்சிப்பொழுது. அம்மலையூருக்குக் குடிநீர் அளிப்பது அவ்வேரியே. கரையிலே பிசர்நாத் கோயில். அங்கு அமர்ந்து புளியோதரை உண்டோம். மாணவர் தம்பியின் உள்ளங்கை கயிறு பட்டுச் சிவந்திருந்தது. அவர் மறைத்தார், அக்கா கண்டுவிட்டார். “கை காய்ந்தபின்தான் கிளம்புவோம். இனிக் கையுறை போடாதவர் என் கயிற்றைத் தொட வேண்டாம்” என்றார். துணை வருவோரின் களைப்பை அளந்து ஓய்வு தருவதும் தலைமை தாங்குவோரின் கடமை. அதை அவர் செய்தார்.

லூயிசா முனை

எங்களுக்கெல்லாம் ஏரியோடு திரும்பிவிடலாம் என்றே தோன்றியது. அக்கா லூயிசா முனைக்குப் போக வேண்டும் என்றார். போனோம். முனைக்கு முப்பது கெஜ தூரத்தில் பாதை வேரும் கல்லுமாக மாறியது. “போதும் அக்கா, இங்கிருந்தே பள்ளத்தாக்குத் தெரிகிறது” என்றார் மாணவர் தம்பி.

“உனக்குத் தெரிகிறது, தம்பி. உட்கார்ந்திருப்பவளுக்கு உன் முதுகுதான் தெரிகிறது” என்றார் அக்கா.

எவரும் மறுமொழி கூறவில்லை. நின்று பார்ப்பவரின் கண் வேறு, அமர்ந்து பார்ப்பவரின் கண் வேறு என்பதை அன்று உணர்ந்தோம். சிவப்புத் துணி சுற்றிய நான்கு இடங்களையும் நால்வர் பற்றினோம். ரிக்ஷாக்காரர் முன்னே சென்று கல்லை அகற்றினார். அக்கா, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ண, மூன்றுக்கு ஓரடி நகர்ந்தோம். முப்பது கெஜத்தில் பாதிக்கு மேல் கடக்க இருபது நிமிஷம் பிடித்தது.

திடீரென்று அக்கா, “நிறுத்துங்கள். இங்கே போதும்” என்றார்.

“இன்னும் பத்தடிதானே அக்கா! இவ்வளவு வந்துவிட்டோமே” என்றார் பிட்டர் தம்பி.

“பத்தடியும் பள்ளத்தை நோக்கிச் சரிகிறது, மேலே பொடிக்கல். நாற்காலி நிற்காது. நான் சொன்னால் போக வேண்டும், நான் சொன்னால் நிற்கவும் வேண்டும்” என்றார் அவர். ரிக்ஷாக்காரர் குனிந்து, அப்பொடிக்கல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, “தாயீ சொல்வது சரி” என்றார்.

சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து அங்கேயே அமர்ந்தோம். எதிரே பிரபல் கோட்டை மலை நீலமாக நின்றது. கீழே பள்ளத்தாக்கின் காடும் வயலும். அக்கா ஒரு மணி நேரம் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் குப்பியிலிருந்து தண்ணீர் அருந்திவிட்டு, “இனித் திரும்பலாம்” என்றார்.

துணிவு என்பது முன்னேறுவதில் மட்டும் இல்லை. எங்கே நிற்பது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையும் துணிவின் பகுதியே. அவ்வுரிமையை அமர்ந்திருப்பவரிடமிருந்து பறித்துக்கொண்டு சிகரத்துக்கே தூக்கிச் சென்றாலும், அது அவருடைய பிரயாணம் ஆகாது.

பின்னர் நடந்த ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். 2022 டிசம்பரில் மாத்தேரானில் மின்சார ரிக்ஷாக்கள் சோதனை முறையில் விடப்பட்டன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மனிதரை மனிதர் இழுக்கும் ரிக்ஷா மனித மாண்புக்கு ஒவ்வாதது என்று கூறி, ஆறு மாத காலத்துக்குள் அதனை நிறுத்துமாறு ஆணையிட்டது. இழுப்பவரின் மானமும் ஏறுபவரின் மானமும் ஒரே நூலால் கட்டப்பட்டவை என்பதே இதன் பொருள். அச்செய்தியைப் படித்த அக்கா, “அந்தத் தாதாவுக்குப் பாதை முழுதும் மனப்பாடம். வழிகாட்டி வேலைக்கு அவரைவிடத் தகுந்தவர் யார்?” என்று கேட்டார்.

பிற நாட்டார் செய்தவை

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய கூட்டு முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. பிரான்ஸ் நாட்டு மலை வழிகாட்டியான ஜோயல் குளோதெல், தசை நலிவு நோயுற்ற தம் உறவினரான சிறுவனை மலைக்கு அழைத்துச் செல்வதற்காக, 1987-இல் ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றை அமைத்தார். முன்னே ஒருவர் இழுக்க, பின்னே ஒருவர் சமநிலை காக்க, ஒற்றையடிப் பாதையிலும் அது செல்லும். ‘ஜோலெட்’ என்னும் பெயருடன் அது இன்றும் வழங்குகிறது.

அமெரிக்காவில் மார்க் வெல்மன் என்பார் 1982-இல் மலையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அவர் 1989 ஜூலையில், யோசெமிட்டியில் செங்குத்தாக நிற்கும் எல் காப்பிடன் பாறையில் தம் கைவலிமையால் ஏறினார். அதன் உயரம் 900 மீட்டருக்கும் அதிகம். நண்பர் மைக் கார்பெட் முன்னே ஏறிக் கயிறு பொருத்த, வெல்மன் ஏறத்தாழ 7000 முறை தம்மைத் தாமே மேலிழுத்துக்கொண்டு, ஒரு வார காலத்தில் உச்சியை அடைந்தார். கார்பெட் அவரைத் தூக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2014-இல் ஜஸ்டின் ஸ்கீசக் என்பாரும் அவருடைய பால்ய நண்பர் பாட்ரிக் கிரேயும் ஸ்பெயின் தேசத்தின் சான்டியாகோ யாத்திரைப் பாதையில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரம் சென்றனர். கை கால் செயலிழந்த ஜஸ்டினை மூன்று சக்கர நாற்காலியில் அமர்த்தி, பிரெனீஸ் மலையைக் கடந்து, ஐந்து வாரத்தில் முடித்தனர். வழியில் கண்ட யாத்திரிகர் பலரும் கை கொடுத்தனர்.

நம் தாயகத்திலும் 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் கடல் அலை வரையில் சக்கர நாற்காலி செல்ல 263 மீட்டர் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது. ஆயினும், அந்தச் சில நாட்களில் முதன்முதலாக அலையில் கால் நனைத்த முதியோரும் இளையோரும் உண்டு.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

எம் அனுபவத்தில் கண்டவற்றையும் அறிந்தவற்றையும் சுருக்கமாகத் தருகிறோம்.

மற்றொருவர் துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத உடல் ஊனமுற்றோர்க்கு ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. இதற்கென ரயில்வே வழங்கும் அட்டையை முன்னதாகவே பெற்றுக்கொள்ள வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களில் இதனை அறியாதோர் இன்னும் பலர்.

இளம்பிள்ளை வாதம் கண்டவர்க்கு உணர்ச்சி குன்றுவதில்லை. உட்கார்ந்த இடம் நொந்தால் தெரியும். முதுகெலும்பு முறிந்தவர்க்கோ பெரும்பாலும் அவ்வுணர்ச்சி இராது. ஆதலின் அரை மணிக்கு ஒருமுறையேனும் உடலைச் சற்றுத் தூக்கியோ ஒருபுறம் சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் புண்ணாகும். நல்ல மெத்தை இன்றிக் காட்டுப் பாதைக்குப் புறப்படலாகாது.

ஒருவரே நெடுநேரம் தள்ளுதல் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். சக்கரம் நின்றவுடன் தடையிட வேண்டும். படியில் ஏற்றும்போது நாற்காலியைத் திருப்பி, பின்னோக்கி ஏற்ற வேண்டும். வலியவர் மேலே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒவ்வொரு செயலையும் அமர்ந்திருப்பவரிடம் சொல்லி, அவர் இசைவு பெற்ற பின்னரே செய்ய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடங்களும் போக்குவரத்தும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்று கூறுகிறது. சட்டம் கட்டடத்துக்குச் சாய்தளம் அமைக்கச் சொல்லும். காட்டுப் பாதையில் கயிறு பிடிக்க நண்பர்கள் வேண்டும்.

மாத்தேரானிலிருந்து திரும்பிய அடுத்த மாதம், சங்கத்தின் பிரயாணப் பதிவேட்டில் அக்கா புதியதொரு பத்தி வரைந்தார். பெயர், வயது, உணவு என்பவற்றுக்கு அடுத்து, ‘உடன் வருவோர் எவ்விதத் துணை செய்ய வேண்டும்?’ என்பது அப்பத்தியின் தலைப்பு. முதல் வரியில் தம் பெயரை எழுதி, எதிரே ‘கேட்டுச் செய்க’ என்று குறித்தார். அதன்கீழ் இதுவரை ஏழு பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவர்களுள் இருவர் நம் சங்கத்தில் இருந்ததே நமக்கு அதுவரை தெரியாது. அப்பத்தி மற்ற ஊர்ச் சங்கங்களின் பதிவேடுகளிலும் இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.